குழி பறித்த குதிரை

நர்ஸ் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வேலை சுலபம். தண்ணீர் டம்ளரை நகர்த்தி, மின்விசிறியைக் கூட்டி, "சொல்லுங்க" என்றால் முடிந்தது. இவளோ பல் டாக்டரின் கிளினிக்கிலிருந்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து, எங்கள் ஆபீஸின் ஒரு கால் ஆடும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான்.

"என் தம்பியை இன்னிக்குச் சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க. அவன் முதலாளி மண்டையை உடைச்சான்னு கேஸ். அவர் இன்னும் கண்ணு முழிக்கல. ஜெயிலுக்குப் போயிட்டா அவன் தாங்க மாட்டான் சார்."

"தம்பி பண்ணலைன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார் எங்கள் சார்.

அவள் பார்வை மேசைக்கு இறங்கியது. எனக்கு அது பிடிக்கவில்லை.

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சார் தனியார் துப்பறிவாளர், நான் அவரிடம் வேலை பார்க்கிறவள். போலீஸ்காரர்கள் சாருக்கு வைத்திருக்கும் பெயர் நத்தை. மெதுவாக நடப்பார், மெதுவாகச் சாப்பிடுவார், ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். எனக்கு அவர்கள் வைத்த பெயர் வாயாடி. அதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நர்ஸ் விஷயத்தைச் சொன்னாள். தம்பி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளறையில் படுத்திருந்தபோது, யாரோ பின்கதவைச் சாவி போட்டுத் திறந்து, அவரை அடித்துப்போட்டு, பீரோவைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டு உடையவில்லை. தம்பியிடம் ஒரு சாவி இருந்தது. சாயங்காலமே அவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

"மதியம் எங்க இருந்தானாம்?"

"செஸ் கிளப்புல. அதுல சேரணும்னு அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. அங்க ஒரு வழக்கமாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் செயலாளர் சுவர்ப் பலகையில ஒரு கணக்கு வைப்பாராம். வெள்ளைக் காய்க்காரன் முதல்ல ஆடணும், ரெண்டே நகர்த்தல்ல கறுப்பு ராஜாவைத் தப்ப விடாம மேட் பண்ணணும். அதைப் போட்டுட்டு, அவர் சாயங்காலம் வர்றப்ப விடை சொன்னா உறுப்பினர். இவன் முதல் தடவையா போயிருக்கான். மதியம் பூரா உட்கார்ந்தானாம். விடை வரலையாம். வெட்கப்பட்டுக்கிட்டு, செயலாளர் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து வந்துட்டானாம்."

"யாரும் பார்க்கலையா?"

"யாருமே வரலைங்கறான். ஆனா ஆடிட்டர் சார் வேற சொல்றாரு. முதலாளியோட மச்சான் அவரு. அந்தக் கிளப்புல பெரிய ஆட்டக்காரர். மதியம் பூரா நான்தான் அங்க தனியா இருந்தேன், அந்தக் கணக்கைக் கூடப் போட்டேன், ஒரு ஈ காக்கா உள்ள வரலைன்னு எழுதிக் குடுத்திருக்காரு."

ஆடிட்டர் ஒரு பக்கம், லென்ஸ் தேய்க்கிறவன் ஒரு பக்கம். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

"இன்னொரு விஷயம் சார்." அவள் கோட்டின் பொத்தானைத் திருகினாள். "அந்தக் கணக்கை இன்ஸ்பெக்டர் போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்காரு. ஸ்டேஷன் ரைட்டர் டீ ஆறுறதுக்குள்ள போட்டுட்டாரு. என் தம்பி இந்த மாதிரியெல்லாம் தூக்கத்துல போடுவான். அவனாவது, மதியம் பூரா உட்கார்ந்து வரலைன்னு எழுந்து வர்றதாவது. அதான்..."

"அதான்?"

"அவன் பொய் சொல்றான்னு எனக்கே தோணுது. நேத்து ஸ்டேஷன்ல, சத்தியமா சொல்லுடா, அங்கதான் இருந்தியான்னு கேட்டேன். என்னையே பார்த்தான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிட்டான். அதுலேர்ந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல."

நான் சாரைப் பார்த்தேன். அவர் எழுந்துவிட்டார். ஒரு கேள்விக்குப் பிறகு உடனே எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"உங்க தம்பி கெட்டிக்காரனா?"

"ரொம்ப."

"கெட்டிக்காரன் பொய் சொன்னா நல்ல பொய்யா சொல்லுவான். வந்தேன், ஒரு நிமிஷத்துல போட்டேன், போயிட்டேன்னு சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பாங்க. தனக்கே அசிங்கமான ஒரு பொய்யை எவனாவது தேடிப் பிடிச்சு சொல்லுவானா? வாயாடி, ஆட்டோ."

*

இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்தால் வழக்கமாக எரிச்சல்படுவார். அன்று நிம்மதியாக இருந்தார்.

"வாங்க நத்தை சார். மெதுவா வந்திருந்தா கோர்ட்டுலயே பார்த்திருக்கலாம்."

"உங்களைப் பார்க்க ஓடி வந்தோம் சார்," என்றேன். "எங்களுக்கு வேற யாரு இருக்கா?"

தம்பி லாக்கப்பின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லென்ஸ் தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன. அக்காவைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கம்பிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

சார் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். ரைட்டரின் மேசையிலிருந்து எடுத்துவந்த பிளாஸ்டிக் செஸ் அட்டையை அவன் முன்னால் விரித்தார்.

"நீ பேச வேண்டாம். எங்க இருந்தேன்னு நான் கேக்கப் போறதில்ல. அந்தக் கணக்கை மட்டும் வச்சுக் காட்டு. எனக்குக் குதிரை எப்படிக் குதிக்கும்னுதான் தெரியும், மத்தது தெரியாது. பொறுமையா வை."

அவன் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு அந்த வழவழப்பான விரல்கள் நகர்ந்தன. மேலே வலது மூலையில் கறுப்பு ராஜா. அதன் முன்னால் அதன் சிப்பாய்கள் இரண்டு. மேல் வரிசையில் ஒரு கட்டம் விட்டுக் கறுப்பு யானை. பலகையின் நடுவில் வெள்ளை ராணி. வலது ஓரத்தில் வெள்ளைக் குதிரை. கீழே கறுப்பு ராணி வெள்ளை ராஜாவை மிரட்டிக்கொண்டு நின்றது. ஒரு காயைக்கூட அவன் யோசித்து வைக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாமான் எங்கே இருக்கிறது என்று எனக்குக்கூட அப்படித் தெரியாது.

இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரித்தார்.

"எல்லாம் சரி. குதிரை மட்டும் தப்பு. போட்டோல ஒரு கட்டம் மேல இருக்கு பாருங்க. அங்க இருந்திருந்தா சரியா வச்சிருப்பான். யாரோ சொல்லக் கேட்டு வைக்கிறான்."

"மேல இல்ல," என்றான் தம்பி.

நேற்றிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல இருந்தா அது கணக்கே இல்ல சார். ராணியைக் கொண்டுபோய் ராஜாவை ஒட்டி வைக்கணும். ராஜா வெட்ட முடியாது, குதிரை காவல் இருக்கு. யானைதான் வெட்டியாகணும். வெட்டினதும் ராஜாவைச் சுத்தி அவன் ஆளுங்களே அடைச்சுக்குவாங்க, நகர இடம் இருக்காது. குதிரை குதிச்சா மேட். பழைய தந்திரம், எல்லாருக்கும் தெரியும். ஆனா குதிரை ஒரு கட்டம் கீழ இருந்தா காவல் போச்சு. ராஜாவே ராணியை வெட்டிரும்."

"கீழ இருந்ததும், யாரோ தப்பா வச்சுட்டாங்கன்னு தோணலையா?" என்றார் சார்.

"அந்தக் கிளப்புல தப்பா வைப்பாங்களா?" அவன் அப்படிக் கேட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோவிலில் போய்க் குறை சொல்வார்களா என்கிற மாதிரி கேட்டான். "பழைய தந்திரத்தைப் பார்த்ததும் பறக்கறவனைப் பிடிக்கறதுக்காக, வேணும்னே ஒரு கட்டம் இறக்கி வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். வேற வழி ஒண்ணு ஒளிஞ்சிருக்கும்னு தேடிக்கிட்டே இருந்தேன். கிடைக்கல. நமக்கு இங்க இடமில்லைன்னு எழுந்து வந்துட்டேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "பலகையே தப்புன்னு சொல்றான் இவன். சார், இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி கிளம்பிரும்."

சார் மெதுவாக எழுந்தார். "போற வழியிலதானே அந்தக் கிளப்பு?"

"ஆமா. அதனால?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

சார் சும்மா கேட்டதாக வரலாறு கிடையாது.

*

கிளப் ஒரு குழாய்க் கடைக்கு மேலே, செங்குத்தான படிகளின் முடிவில் இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தோம். சாரும் நர்ஸும் முன்னால், கடைசியாக நுழைந்தது நான். எனக்குப் பின்னால் அந்தக் கதவு துப்பாக்கி வெடித்த மாதிரி அறைந்து சாத்திக்கொண்டது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அந்த ஸ்பிரிங்கை மாத்தணும், மாத்தணும்னு சொல்லிட்டே இருக்கோம்," என்றபடி உள்ளறையிலிருந்து செயலாளர் வந்தார். முழுக்கைச் சட்டை, மூக்கில் வழிந்த கண்ணாடி, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நிதானம். நீளமான அறை, ஜன்னலோரமாக மேசைகள், மேசை தோறும் பாதியில் நின்ற ஆட்டங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், கதவை ஒட்டி, ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பலகை தொங்கியது. கட்டங்கள் சாயத்தில் வரைந்தவை. காய்கள் தட்டையாக, முதுகில் காந்தம் வைத்தவை.

"இதோ, இதுதான் சனிக்கிழமைக் கணக்கு. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அப்படியே இருக்கும்," என்று பலகை அருகே நின்று கையால் காட்டினார் செயலாளர். "நானே மாட்டினது. ஆடிட்டர் பக்கத்துல நின்னு பார்த்தாரு. மாட்டிட்டு ரெண்டு பேரும் சேர்ந்தேதான் படி இறங்கினோம். நான் வீட்டுக்கு, அவரு சாப்பிட. சாப்பிட்டுத் திரும்பி வந்து இங்கதான் இருந்ததா அவர் சொல்றாரு. பெரிய மனுஷன், பொய் சொல்லுவாரா?"

நான் குதிரையைத் தேடினேன். வலது ஓரம், மேலே. போட்டோவில் இருந்த அதே கட்டம். நர்ஸும் பார்த்துவிட்டாள். அவள் தோள் தொங்கியது.

"மேலதான் இருக்கு," என்றாள் மெல்ல. "மேலதான் இருக்கு சார்."

"சனிக்கிழமை மதியம் இதை யாராவது தொட்டு மாத்தியிருக்கலாமா?" என்று கேட்டார் சார்.

செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்க எவனும் கணக்குல கை வைக்க மாட்டான். தொட்டா ஆடணும். அதுதான் செஸ்ஸோட சட்டம். வெளியாளுகூட அந்த மரியாதை தெரிஞ்சவனாத்தான் வருவான்."

"நீங்க?"

"நானா? மாட்டினதோட சரி. அதுக்கப்புறம் விரல் நுனிகூடப் படல."

சார் தலையாட்டினார். தன் பையைக் கீழே வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "வாயாடி, வெளியே போய்ட்டு மறுபடி உள்ள வா," என்றார்.

"எதுக்கு?"

"வான்னா வா."

இதுபோன்ற வேலைக்குத்தான் என்னை வைத்திருக்கிறார். போனேன். எரிச்சலோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கதவு மறுபடி வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இந்தச் சத்தம் கேக்கறதுக்கா?" என்றேன்.

மூன்று பேரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன்.

வெள்ளைக் குதிரை நழுவிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், சாரைப் போலவே மெதுவாக, இரும்பின்மேல் கீழே இறங்கி, அடுத்த கட்டத்தில் சாயம் உப்பியிருந்த இடத்தில் முட்டி நின்றது. மற்ற காய்கள் அசையவில்லை.

"அட, அதுக்குக் காந்தம் போயிருச்சு," என்றார் செயலாளர் சர்வ சாதாரணமாக. சொல்லிக்கொண்டே அவருடைய கட்டைவிரல் நீண்டு குதிரையை மேலே தள்ளியது. "புதுசு வாங்கணும்."

"சார்," என்றார் எங்கள் சார், மிக மென்மையாக. "இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"நாங்க உள்ள வந்ததும் இதையேதான் பண்ணீங்க. பேசிக்கிட்டே கையைக் காட்டினீங்க, குதிரையை மேல தள்ளினீங்க. அப்புறம் விரல் நுனிகூடப் படலைன்னீங்க."

செயலாளர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். யாரோ அடுத்த வீட்டுக்காரருடைய விரல் என்கிற மாதிரி பார்த்தார்.

"பழக்க தோஷம்," என்றார் கடைசியில். "இங்க எல்லாருக்குமே... காய் கட்டத்துல சரியா நிக்கலைன்னா கை தானாப் போகும். எப்ப போச்சுன்னே தெரியாது."

நர்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவன் உள்ள வந்ததும் கதவு அறைஞ்சிருக்கு," என்றாள். "அவன் பலகையைப் பார்க்கறதுக்குள்ள குதிரை இறங்கிருச்சு. அவன் தொடலை. தொடமாட்டான். அதைப் பார்த்துக்கிட்டேதான் உட்கார்ந்திருந்தான்." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொன்னானே. எங்கிட்ட முதல் நாளே சொன்னான், குதிரை கீழ இருந்துச்சுன்னு. நான்தான் காதுல போட்டுக்கல."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குதிரை பறித்த குழியில் ஒருவனை ஊரே சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தது. கூடம் கோணல் என்று சொன்னவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நிஜமாகவே கூடம் கோணலாக இருந்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

"சாயங்காலம் நான் வந்தப்ப..." என்று இழுத்தார் செயலாளர்.

"தள்ளி வச்சுட்டு உட்கார்ந்திருப்பீங்க. இன்ஸ்பெக்டர் போட்டோ எடுத்தது அதுக்கப்புறம். சரி, இது பாதிதான்." சார் போனை எடுத்தார். "ஆடிட்டர் மேல கோர்ட்டுல நமக்கு ஒரு வார்த்தை இல்ல. ஒரு காந்தம் போன குதிரைதான் இருக்கு." எண்ணை அழுத்தினார். "இன்ஸ்பெக்டர் சார், நான்தான். கோர்ட்டுக்குப் போறப்ப அஞ்சு நிமிஷம் மாடி ஏறுங்க. பையனையும் கூட்டிட்டு வாங்க. ஆடிட்டரை வரச் சொல்லுங்க. அந்தக் கணக்கு எனக்குப் புரியல, அவர்தான் விளக்கணும்னு சொல்லுங்க."

"வருவாரா?" என்றேன், அவர் போனை வைத்ததும்.

"விடை தெரிஞ்சவன், தெரியாதவனுக்குச் சொல்லிக் காட்டறதுக்கு மழையில நனைஞ்சுக்கிட்டாவது வருவான். நீ ஒண்ணு செய். அவர் பேசறதைக் கேக்காதே. கையை மட்டும் பாரு. யாரும் அந்தக் குதிரையைத் தொடக் கூடாது. செயலாளர் சார், நீங்க கையைக் கட்டிக்கிட்டு அந்த மூலையில உட்காருங்க."

*

முதலில் இன்ஸ்பெக்டர் வந்தார், கூடவே ஒரு கான்ஸ்டபிளும் தம்பியும். கதவு அறைந்தது. குதிரை இறங்கியது. தம்பியின் கண் நேராகப் பலகைக்குப் போனது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சார் அவனிடம் பேசாதே என்று விரலைக் காட்டினார்.

கொஞ்ச நேரத்தில் ஆடிட்டர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, வாசனையான கைக்குட்டை. கதவு மறுபடி அறைந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சத்தம் அவருக்குப் பழகியது.

"எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். என் தங்கச்சி அங்க தனியா இருக்கா," என்றார். "சீக்கிரம் சொல்லுங்க."

"உங்க வாக்குமூலத்தைப் படிச்சேன் சார். சனிக்கிழமை மதியம் பூரா இங்கதான் இருந்தீங்க," என்றார் சார்.

"ஆமா."

"நடுவுல எங்கயும் போகல."

"படியைக்கூட எட்டிப் பார்க்கல."

பேசும்போதெல்லாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பலகை அவருக்கு ஓர் அடி தள்ளி இருந்தது. கைகள் கட்டு அவிழவில்லை. இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். இந்த மனிதர் இன்று கையை நீட்டாமல் போய்விட்டால் லென்ஸ் தேய்க்கிற ஒருவன் ஜெயிலுக்குப் போவான், அவ்வளவுதான் விஷயம்.

"இந்தக் கணக்குதான் எனக்குப் பிடிபடல," என்றார் சார், தலையைச் சொறிந்துகொண்டு. "எங்க வாயாடி சொல்றா, யானையை முதல்ல நகர்த்தணும்னு."

நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும், "ஆமா, யானைதானே பெருசு?" என்றேன்.

ஆடிட்டர் என்னைப் பார்த்த பார்வையை என் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாரிடம் பார்த்திருக்கிறேன். "யானை கறுப்போடது அம்மா. வெள்ளை ஆடணும். இங்க பாருங்க." கை முதுகிலிருந்து வந்தது. கட்டைவிரல் ஓரத்துக்குப் போய்க் குதிரையை மேலே தள்ளியது. பிறகு அவர் ராணியை எடுத்தார். "இது இங்க வரும். யானை வெட்டும். குதிரை இங்க குதிக்கும். மேட். குழந்தை போடும்."

"அருமை. முதல்ல எந்தக் காயை நகர்த்தினீங்க சார்?"

"ராணியை."

"இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். அவர் முகம் மாறியிருந்தது. மண்டை கனமாக இருந்தாலும் அவருக்குக் கண் கூர்மை. "குதிரையை மேல தள்ளினீங்க."

"அதுவா? அது சரிஞ்சு நிக்கும். தள்ளிக்கிட்டேதான் இருப்போம். அதுல என்ன?"

"அதுல ஒண்ணுமில்ல," என்றார் சார். "நீங்க இங்க இருந்தா உங்க கை அதைத் தள்ளும். சனிக்கிழமையும் தள்ளியிருக்கும். இல்லையா?"

"தள்ளியிருப்பேன். ஆமா."

"அப்ப இந்தத் தம்பி, இன்னிக்கு ஸ்டேஷன்ல, குதிரை ஒரு கட்டம் கீழ இருந்துச்சுன்னு எப்படிச் சொன்னான்?"

ஆடிட்டர் புன்னகைத்தார். "அவன் இங்க வரவே இல்லையே. ஏதோ உளறியிருக்கான்."

"உளறினவன் பலகையில இருந்த அத்தனை காயையும் சரியா வச்சான். தப்பா வச்சது ஒண்ணே ஒண்ணு. அது காந்தம் போன குதிரை. அதுவும் அது போய் முட்டி நிக்கிற அதே கட்டம். இதுக்கு முன்னாடி அவன் இந்த மாடிப்படி ஏறினதில்ல. கணக்கு சனிக்கிழமை மதியம்தான் மாட்டினது. சாயங்காலம் அவனைப் பிடிச்சுட்டாங்க. வேற எப்ப பார்த்திருப்பான்?"

"ஒரு எட்டு பார்த்துட்டு ஓடியிருக்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டர். நியாயமான கேள்வி.

"ஓடியிருக்கலாம்," என்று ஒத்துக்கொண்டார் சார். "அப்ப இவர் பார்த்திருக்கணும். ஒரு ஈ காக்கா வரலைன்னு எழுதிக் குடுத்தவரு, படியைக்கூட எட்டிப் பார்க்காதவரு. இவர் உட்கார்ந்திருக்கற ரூம்ல குதிரை கீழ நிக்காது சார், இவர் கை விடாது. தம்பி பார்த்தப்ப குதிரை கீழ நின்னுது. அதனால அப்ப இந்த ரூம்ல இவர் இல்ல. இல்லாத இடத்துல இருந்தேன்னு ஒரு ஆடிட்டர் எதுக்கு எழுதிக் குடுக்கணும்?"

மூலையில் உட்கார்ந்திருந்த செயலாளர் கட்டிய கையை அவிழ்க்காமல், "மாட்டினப்ப பக்கத்துல நின்னீங்களே," என்றார், ஆடிட்டரைப் பார்த்து. "விடையை அப்பவே எங்கிட்ட சொல்லிட்டீங்க. அதை வச்சா மதியம் இங்க இருந்ததா எழுதிக் குடுத்தீங்க?"

ஆடிட்டர் ராணியை இன்னும் கையில் வைத்திருந்தார். அதைப் பலகையில் திரும்ப ஒட்டப் பார்த்தார். அது கோணலாக ஒட்டிக்கொண்டது.

"உங்க தங்கச்சி வீட்டுல," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக, "அந்தக் கடைக்கு இன்னொரு சாவி இருக்கு இல்ல?"

"நான் என் வக்கீல்கிட்ட பேசணும்."

"பேசுங்க. வண்டி கீழ ரெடியா நிக்குது. கோர்ட்டுக்குப் போற வழியிலயே பேசலாம்."

கான்ஸ்டபிள் தம்பியின் கையை விட்டுவிட்டு ஆடிட்டரின் பக்கம் போனார். போகும்போது ஆடிட்டர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கதவு அறைந்தது.

செயலாளர் எழுந்து வந்தார். தம்பியின் முன்னால் நின்று, "நீ விடை சொன்னவன்தாம்பா," என்றார். "விடை இல்லைங்கறதுதான் விடை. சனிக்கிழமை வா. உனக்கு ஒரு மேசை போடறேன்."

"பார்க்கலாம் சார்," என்றான் அவன் மரியாதையாக. வருவான் என்று தோன்றவில்லை.

படிகளில் இறங்கும்போது நர்ஸ் அவனுக்குப் பின்னால் இரண்டு படி விட்டு வந்தாள். தெருவுக்கு வந்ததும் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டேய். நான் நம்பலடா."

"தெரியும்க்கா."

"எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. நானும்..."

"அவங்க யாரு எனக்கு? இன்ஸ்பெக்டர் நம்பலைன்னா வலிக்குமா? அவர் வேலை அது." அவன் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. "நீ வந்ததும் எல்லாம் சரியாயிரும்னு நினைச்சுட்டு இருந்தேன். நீ சத்தியமான்னு கேட்டே."

"இனிமே நீ என்ன சொன்னாலும் நம்புவேன்டா."

"நம்பறதுக்கு முதல்ல நான் உங்கிட்ட ஏதாவது சொல்லணும்ல," என்றான் அவன்.

எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு வார்த்தை வரும். கல்யாண வீட்டிலும் வரும், சாவு வீட்டிலும் வரும். அன்று ஒன்றும் வரவில்லை. சாரைப் பார்த்தேன். அவர் குழாய்க் கடையில் தொங்கிய குழாய்களை எண்ணுகிறவர் போல நின்றார்.

நர்ஸின் ஸ்கூட்டர் ஓரமாக நின்றது. அவன் கை நீட்டினான். அவள் சாவியைக் கொடுத்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான், அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகரும்போது அவள் கை அவன் தோள்வரை போனது. தோளைத் தொடாமல் திரும்பி வந்து, பின் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டது.